15 வருஷத்துல பென்ஷன் வாங்கிட்டு வந்துரலாமா? ஒரு நாயக் தம்பியோட லெட்டருக்கு பதில்

ராமேஸ்வரம் பக்கம் ஒரு கடலோர கிராமத்துத் தம்பி எழுதியிருக்கார். வயசு 31, ப்ளஸ் டூ பாஸ், ஆர்மியில இன்ஜினியர் ரெஜிமென்ட்ல நாயக் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழ உள்ள ரேங்க்), சர்வீஸ் 12 வருஷம். யூனிட் பேரு, இப்ப இருக்கிற இடம், கூட இருக்கவங்க பேரு எல்லாத்தையும் நானே எடுத்துட்டேன். தம்பி, முதல்ல இதைச் சொல்லிடறேன், இனிமே யாருக்கு எழுதினாலும் யூனிட் எங்க இருக்குன்னு எழுதாதீங்க, நல்ல மனசோட கேக்கறவங்களுக்கும் வேண்டாம்.

அவர் நாலு பக்கம் எழுதினதோட சுருக்கம் இதுதான். செக்ஷன்ங்கற சின்னக் குழுவுக்கு கமாண்டரா இருக்கற ஹவில்தார் ஒரு கோர்ஸுக்குப் போயிருக்கறதால செக்ஷனை இப்ப இவர்தான் பார்த்துக்கறார். அதுல ஒருத்தர் இவரோட அதே பேட்ச், பரமக்குடிப் பக்கம், இன்னும் லான்ஸ் நாயக், இவருக்கு ஒரு படி கீழ. எந்த வேலை சொன்னாலும் "வந்துட்டாருடா சி.ஓ. சாப்"னு (சி.ஓ.ன்னா யூனிட்டோட கமாண்டிங் ஆபீசர்) எல்லார் முன்னாடியும் நக்கல் பண்றாராம். நாலு பேர் வடக்கத்தி அக்னிவீர் பசங்க, இவர் பேசற இந்தியைக் கேட்டு சிரிக்கறாங்களாம். போன மாசம் ஆத்துல போட் ப்ராக்டிஸ். ஓ.பி.எம்.ங்கற, படகுக்குப் பின்னாடி மாட்டற இன்ஜின் ஸ்டார்ட் ஆகல, பசங்க முழிச்சிட்டு நிக்கறாங்க, இவர் தண்ணியில இறங்கி ப்ளக்கைக் கழட்டி பனியன்ல துடைச்சு மாட்டி, கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, அவரே அக்கரைக்கு ஓட்டிட்டும் போயிட்டார். கரையில நின்ன சுபேதார் சாப் "நீ நாயக்கா, படகு டிரைவரா?"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேட்டுட்டார். தம்பிக்கு அது ஆறவே இல்ல.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஹவில்தார் ப்ரமோஷன் கேடர் (அதுக்கான கோர்ஸ்) லிஸ்ட்ல இவர் பேரு வரல, "எனக்கு சிபாரிசு பண்ண மேல ஆள் இல்ல சார்"ங்கறார். 26 வயசுல ஏ.சி.சி. (சிப்பாய்ல இருந்து ஆபீசர் ஆகற ஒரு வழி) எழுதி எஸ்.எஸ்.பி. (ஆபீசர் தேர்வு போர்டு) போய் கடைசி நாள் கான்ஃபரன்ஸ்ல அவுட், இப்ப வயசும் போச்சு, ஆபீசர் கனவு முடிஞ்சதுங்கறார். ஊர்ல அப்பாவுக்கு விசைப்படகு இருக்கு. கூடப் போயிட்டிருந்த அண்ணன் எல்லை தாண்டுனதா பிடிபட்டு ஜெயில்ல இருந்துட்டு வந்ததுக்கு அப்புறம் கடலே வேணாம்னு திருப்பூர் போயிட்டார். அப்பா ஒவ்வொரு போன்லயும் "15 முடிஞ்சா பென்ஷன் வந்துரும்ல, வந்துருடா, இந்தப் படகை யாருகிட்ட விடறது"ன்னு கேக்கறாராம். மனைவியும் குழந்தையும் ராமநாதபுரம் டவுன்ல வாடகை வீட்டுல. எப்படியும் பாதிச் சம்பளம் பென்ஷன்தானே, 15ல வந்தா என்ன 24ல வந்தா என்னன்னு கேட்டு முடிச்சிருக்கார்.

தம்பி, நான் ஆர்மி எஜுகேஷன் கோர்ல இருந்து பென்ஷன் வந்தவன், உங்களை மாதிரி நாயக், ஹவில்தார் பசங்களுக்கு மேப் ரீடிங்கும் இங்கிலீஷும் சொல்லிக் குடுத்ததுதான் என் சர்வீஸ். அந்தப் பழக்கத்துல சொல்றேன், உங்க லெட்டர்ல நாலு பிரச்சினை ஒண்ணா பின்னிக் கிடக்கு. செக்ஷன் ஒண்ணு, ப்ரமோஷன் ஒண்ணு, பென்ஷன் கணக்கு ஒண்ணு, அப்பா படகு ஒண்ணு. சுபேதார் சாப் ஆத்தங்கரையில கேட்ட ஒரு கேள்வியால உண்டான கோவத்தை மூணு வருஷம் கழிச்சு வரப்போற பென்ஷன் முடிவுல கொண்டு போய் வைக்கறீங்க. அதைப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல அந்த போட் விஷயம்

நீங்க பண்ணதுல தப்பான வேலை எதுவும் இல்ல, இன்ஜின் ஓடுச்சு, போட் அக்கரை போச்சு. கடல்ல பொறந்து வளர்ந்தவருக்கு அது கை தானா செய்யற வேலை. ஆனா அன்னிக்கு அந்த நாலு பசங்க என்ன கத்துக்கிட்டாங்க? இன்ஜின் நின்னா நாயக் சாப் பார்த்துக்குவார்னு கத்துக்கிட்டாங்க. நாளைக்கு நீங்க லீவுல இருக்கும்போது ராத்திரி வெள்ளத்துல அந்த இன்ஜின் நின்னா என்ன ஆகும்னுதான் சுபேதார் சாப் மனசுல ஓடியிருக்கும். அவர் கேட்ட விதம் சரியில்ல, எல்லார் முன்னாடியும் கேட்டிருக்க வேண்டாம், அது எனக்கும் ஒப்பல. கேட்ட விஷயம் சரி.

உங்க அப்பா படகையே நினைச்சுப் பாருங்க, வலை இழுக்கறப்ப ஆள் தடுமாறுறான்னு டிரைவர் சுக்கானை விட்டுட்டு வலையைப் பிடிக்க ஓடினா படகு எங்க போகும்? நாயக் ஆனதுல இருந்து உங்க இடம் சுக்கான்தான். கை அரிக்கும், தெரியும், நமக்குத் தெரிஞ்ச வேலையை இன்னொருத்தன் தப்பா செய்யறதைப் பார்த்துட்டு நிக்கறது இருக்கே, ரொம்பக் கஷ்டம். ஆனா பழகணும்.

அதனால அடுத்த மெயின்டனன்ஸ் டேல அந்த அக்னிவீர் நாலு பேரையும் கூப்பிட்டு ஓ.பி.எம்.மைத் தரையில ஸ்டாண்டுல மாட்டுங்க. ப்ளக் எங்க, ஃப்யூயல் லைன் எங்க, ப்ரைமர் பல்பை எவ்வளவு அமுக்கணும், தண்ணி பூந்தா என்ன சத்தம் வரும், எல்லாம் காட்டுங்க. நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டிட்டு பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுக்கங்க. அவங்க ஒவ்வொருத்தனும் கழட்டி மாட்டணும். ஒருத்தன் நல்லா பிடிச்சுக்கிட்டான்னா அடுத்தவனுக்கு அவனைச் சொல்லிக் குடுக்க விடுங்க. அப்ப உங்க இந்தியைப் பத்தி எவனும் சிரிக்க மாட்டான், ஏன்னா அவனுக்கு வேணும்ங்கற விஷயம் உங்க வாயில இருந்து வருது. இந்தியும் வளரும், இலக்கணம் பார்த்து ஒரு பாஷை வரப்போறதில்ல, வேலையோட வந்துரும்.

அந்தப் பசங்களைப் பத்தி இன்னொண்ணு. அவங்க நாலு வருஷத்துக்குன்னு வந்தவங்க, அதுக்கப்புறம் 25 சதவீதம் வரைக்கும்தான் ரெகுலரா எடுப்பாங்கன்னு 2022ல திட்டம் அறிவிச்சப்பவே சொல்லியாச்சு. 20 வயசுப் பையன் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கோடதான் தூங்கறான். சில என்.சி.ஓ.க்கள் (நாயக், ஹவில்தார் ரேங்க்ல இருக்கவங்க) இதை வச்சே மிரட்டுறாங்க, "ரிப்போர்ட்ல கை வச்சிருவேன்"னு. தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணிராதீங்க. பயந்தவன் உங்க முன்னாடி வேலை செய்வான், நீங்க திரும்பினா நிறுத்திருவான். அதுக்குப் பதிலா ஒரு சின்ன நோட்டு போடுங்க. எந்த ஊர், வீட்டுல யாரு இருக்கா, பி.பி.இ.டி. உடல்தகுதி டெஸ்ட்ல எதுல பின்தங்கறான், ஃபயரிங் எப்படி, வீட்டுக்குக் கடைசியா எப்ப போனான். ரெண்டு மாசம் எழுதிப் பாருங்க, உங்க செக்ஷன் உங்களுக்கு வேற மாதிரி தெரியும்.

பரமக்குடித் தம்பி விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஒரே நாள் ட்ரெய்னிங் சென்டருக்கு வந்து ஒரே பாரக்ல படுத்து எழுந்தவன், இவனுக்கு ஸ்ட்ரைப் ஏறிருச்சு நமக்கு ஏறலன்னு உள்ளுக்குள்ள புண்ணா இருக்கும். நக்கல் அங்க இருந்து வருது. எல்லார் முன்னாடியும் அவரை அடக்கப் பார்த்தீங்கன்னா கூட்டம் அவர் பக்கம் போயிரும். சாயங்காலம் ரோல் கால் முடிஞ்சு தனியா கூப்பிட்டு உக்காருங்க, நம்ம ஊர்ப் பேச்சுலயே பேசுங்க. "தனியா இருக்கப்ப என்ன வேணா சொல்லு மாப்ள, ஃபால் இன்ல நிக்கும்போது சொல்லாத, நாளைக்கு உனக்கு ஸ்ட்ரைப் வந்தா உனக்கும் இதுதான் வரும்"னு நேரா சொல்லுங்க. கையோட ஒரு பொறுப்பும் குடுங்க, போட் ஸ்டோர் முழுக்க அவர் கணக்குலன்னு. குடுத்துட்டு அதுல தலையிடாதீங்க. அதுக்கப்புறமும் அவர் மாறலன்னா ப்ளட்டூன் ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி ரேங்க்) சாப்கிட்ட சொல்லலாம், அது காட்டிக் குடுக்கறது ஆகாது. ஆனா முதல் படி அது இல்ல.

"ஆள் இல்ல"ங்கறது உண்மைதானா

உங்க லெட்டர்ல மூணாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "மேப் ரீடிங் டெஸ்ட் அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்"னு. தம்பி, லிஸ்ட்ல பேரு வராததுக்கான காரணத்தை நீங்களே எழுதிட்டு, அடுத்த பக்கத்துல ஆள் இல்லங்கறீங்க. ஹவில்தார் ப்ரமோஷனுக்கு சீனியாரிட்டியும் வேக்கன்சியும் வேணும், அதோட எஜுகேஷன் சர்டிஃபிகேட், மேப் ரீடிங், ட்ரேட் க்ளாஸ், மெடிக்கல் கேட்டகரி, ரெட் இங்க் என்ட்ரி (தண்டனைக் குறிப்பு) இல்லாத ஷீட், இதெல்லாம் பேப்பர்ல இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் க்ளார்க் பேரை எடுத்துருவார், அதுல பாரபட்சம் எதுவும் இல்ல. பாரபட்சமே எங்கயும் நடக்காதுன்னு நான் சொல்லல. ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம பேப்பர் முழுசா இருக்கணும்.

எல்லாம் சரியா இருந்தும் பேரு வரலன்னா வழி இருக்கு. முதல்ல கம்பெனி கமாண்டர் இன்டர்வியூ, அப்புறம் சி.ஓ. சாப் இன்டர்வியூ, இது உங்க உரிமை, யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல. அதுக்கு மேல 1950 ஆர்மி ஆக்ட் 26வது பிரிவுல ஆபீசர் அல்லாதவங்க புகார் குடுக்க வழி வச்சிருக்கு. அதுலயும் தீரலன்னா ஆயுதப்படைத் தீர்ப்பாயம், சென்னையிலயே பெஞ்ச் இருக்கு, ஆனா முதல்ல உள்ள இருக்க வழியெல்லாம் போயிட்டு வந்தீங்களான்னுதான் அங்க கேப்பாங்க.

உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் சொன்னதா எழுதியிருக்கீங்களே, யூனிஃபார்ம்ல வீடியோ போட்டு வைரல் ஆக்கறது, அது வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் லைக் வரும், அதுக்கப்புறம் என்கொயரி வரும், 12 வருஷம் சுத்தமா வச்சிருந்த ஷீட்ல சிவப்பு மை விழும். அதுக்கப்புறம் நீங்க சொல்ற நியாயத்தைக் கேக்க ஆள் இருக்காது.

முழங்கால் வலியை எம்.ஐ. ரூம்ல (யூனிட் டிஸ்பென்சரி) சொல்லாம மறைக்கறேன்னும் எழுதியிருக்கீங்க, கேட்டகரி இறங்கிரும்னு பயம். பயம் நியாயம்தான், கேட்டகரி இறங்கினா ப்ரமோஷன்ல தடங்கல் வரலாம். ஆனா ட்யூட்டியில பட்ட அடி ரெக்கார்டுல ஏறலன்னா, நாளைக்கு முட்டி மடங்காம போனா டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு ஒரு துண்டுப் பேப்பர் கூட உங்ககிட்ட இருக்காது. இப்பவே வைத்தியம் பார்த்தா பாதிப் பேருக்கு வலி கேட்டகரி வரைக்கும் போறதே இல்ல. இந்த வாரமே போய்க் காட்டுங்க.

ஆபீசர் கனவு முடியல

ஏ.சி.சி.க்கு 27 வயசு வரைதான், அது போயிருச்சு, சரி. ஆனா எஸ்.சி.ஓ.ன்னு ஸ்பெஷல் கமிஷன் ஒண்ணு இருக்கு, 28ல இருந்து 35 வயசு வரைக்கும், அஞ்சு வருஷ சர்வீஸும் ப்ளஸ் டூவும் இருந்தாப் போதும். உங்களுக்கு 31. அதுவும் ஆகலன்னா பி.சி. எஸ்.எல். (பெர்மனென்ட் கமிஷன் ஸ்பெஷல் லிஸ்ட்), அதுக்கு 42 வயசு வரை இருக்கு, பத்து வருஷ சர்வீஸ் வேணும், க்வார்ட்டர் மாஸ்டர், ரெக்கார்ட் ஆபீசர் மாதிரி வேலைகளுக்கு. ரெண்டுக்கும் யூனிட் வழியா சி.ஓ. சாப் சிபாரிசோடதான் போகணும், இந்த வருஷத்து கண்டிஷன் என்னன்னு ஹெட் க்ளார்க் சாப்கிட்ட லெட்டரையே வாங்கிப் படிங்க, வாட்ஸப்ல சுத்தறதை நம்பாதீங்க.

26ல கான்ஃபரன்ஸ் வரைக்கும் போனவர்னா முதல் நாள் ஸ்க்ரீனிங்லயே வீட்டுக்கு அனுப்பற ஆள் இல்ல நீங்க. அன்னிக்கு உங்ககிட்ட இல்லாதது ஒண்ணு இப்ப இருக்கு. அன்னிக்கு நீங்க சிப்பாய், யாரையும் நடத்துன அனுபவம் இல்ல. இன்டர்வியூல "உங்க கீழ இருந்தவன் சொன்னதைக் கேக்கலன்னா என்ன செஞ்சீங்க"ன்னு கேட்டா, அன்னிக்கு படிச்சதைத்தான் சொல்லியிருப்பீங்க. இன்னும் ஒரு வருஷம் இந்த செக்ஷனை ஒழுங்கா நடத்திட்டுப் போனீங்கன்னா பரமக்குடித் தம்பி கதையையும் ஓ.பி.எம். கதையையும் அப்படியே சொல்லலாம், பொய்யே வேண்டாம். எஸ்.எஸ்.பி.யில ஜி.டி.ஓ. நடத்தற குரூப் டாஸ்க்ல கட்டையும் கயிறும் வச்சு ஆளுங்களைக் கடத்தச் சொல்றப்பவும் பாதிப் பேர் தோக்கறது நீங்க ஆத்தங்கரையில பண்ண அதே விஷயத்துலதான், எல்லாத்தையும் தானே தூக்கிட்டு ஓடறது. அதனாலதான் சொல்றேன், செக்ஷனைத் தனியா, கேரியரைத் தனியா வச்சுப் பார்க்காதீங்கன்னு.

இங்கிலீஷுக்குத் தினம் ஒரு பேப்பர் சத்தமா படிங்க, படிச்சதை மூணு வாக்கியத்துல ஒருத்தன்கிட்ட சொல்லுங்க. கூடவே இக்னோல ஒரு டிகிரி சேர்ந்துருங்க. 15 வருஷம் சர்வீஸ் பண்ண பத்தாவது பாஸ் முன்னாள் படைவீரரை க்ரூப் சி வேலைக்கு டிகிரிக்குச் சமமா எடுத்துக்கறாங்க, அது உண்மை. ஆனா அதுக்கு மேல போகணும்னா நிஜ டிகிரிதான் வேணும்.

பென்ஷன் கணக்கு

"எப்ப வந்தாலும் பாதிச் சம்பளம்"ங்கறது பாதி உண்மை. கடைசியா வாங்குன சம்பளத்துல பாதிங்கறதால, கடைசிச் சம்பளம் என்னங்கறதுதான் விஷயமே. 15 முடியறப்ப உங்க பேசிக் 34,000 பக்கம் இருக்கும்னு வச்சுக்குவோம், அதோட எம்.எஸ்.பி. (மிலிட்டரி சர்வீஸ் பே) 5,200, ஆக 39,200, அதுல பாதி 19,600, அதுக்கு மேல டி.ஏ. இந்தக் கணக்குக்கு நீங்க பார்க்க வேண்டிய இடம் 16வது வருஷம். எம்.ஏ.சி.பி. (ப்ரமோஷன் வராதவங்களுக்கும் சம்பள லெவலை ஏத்தறது) 8, 16, 24 வருஷத்துல வரும்னு உங்களுக்கே தெரியும். 15ல வந்தீங்கன்னா ரெண்டாவது எம்.ஏ.சி.பி.க்கு ஒரு வருஷம் முன்னாடி இறங்கிடறீங்க. ஹவில்தார் ஸ்ட்ரைப் கிடைக்காமப் போனாலும் 16ல ஹவில்தார் பே லெவல் வந்துரும். கூடறது ஒரு இன்க்ரிமென்ட் அளவுதான், ஆனா அது உங்க ஆயுசுக்கும், உங்களுக்கு அப்புறம் உங்க மனைவிக்கும் வர்ற பணம்.

அதைவிடப் பெருசு ஓ.ஆர்.ஓ.பி., அதாவது ஒரே ரேங்க் ஒரே பென்ஷன். சொந்த விருப்பத்துல முன்கூட்டியே டிஸ்சார்ஜ் வாங்கறவங்களுக்கு இனிமே அது கிடையாதுன்னு 2015 நவம்பர் உத்தரவுல போட்டிருக்கு. அதை எதிர்த்து தீர்ப்பாயத்துல வழக்கெல்லாம் நடந்திருக்கு, ஆனா வழக்கை நம்பி ஒரு மனுஷன் பேப்பர் போடக்கூடாது. சர்வீஸ் வரம்பு நாயக்குக்கு 22 வருஷம், ஹவில்தாருக்கு 24 வருஷம், ஸ்க்ரீனிங் பாஸ் ஆனா இன்னும் ரெண்டு வருஷம். அதுக்கு முன்னாடி 15ல வந்தா உங்க டிஸ்சார்ஜ் ஆர்மி ரூல் 13ல எந்த உட்பிரிவுல போகும்னு ரெக்கார்ட் ஆபீஸ்ல எழுத்து மூலமா கேளுங்க. வாயால சொல்றதை வாங்கிக்காதீங்க.

வெளிய வந்தா வேலை கிடைக்காதான்னா கிடைக்கும். மத்திய அரசு க்ரூப் சி வேலையில 10 சதவீதம், பொதுத்துறை பேங்க் க்ளார்க் வேலையில 14.5 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு, சர்வீஸ் வருஷத்தைக் கழிச்சுட்டு மேல மூணு வருஷம் வயசுத் தளர்வு. ஆனா பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும். படிக்காம வந்தவங்கள்ல நிறையப் பேரு நம்ம மாவட்டத்துல ஏ.டி.எம். வாசல்லயும் கம்பெனி கேட்லயும் 12 மணி நேரம் நிக்கறாங்க, நீங்களே பார்த்திருப்பீங்க.

அப்பாவும் படகும்

இதைப் பத்தி எழுதறப்ப எனக்கும் மனசு கனக்குது, ஏன்னா உங்க அப்பா கேக்கறதுல தப்பே இல்ல. ஒரு மகன் ஜெயிலுக்குப் போய் வந்து ஊரை விட்டே போயிட்டான், இன்னொரு மகன் எங்கயோ தூரத்துல இருக்கான், வயசாகுது. ஆனா தம்பி, நீங்க வந்து அந்தப் படகுல ஏறினா அண்ணன் போன அதே கடலுக்குத்தான் போகப் போறீங்க. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம், மிச்ச நாள்லயும் வாரத்துல மூணு நாள்தான், அதுலயும் காத்து அடிச்சா கடலுக்குப் போற அனுமதி டோக்கன் கிடையாது. பிடிபட்டா 2018ல இலங்கையில சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு ஏத்துனதுல இருந்து ஆள் திரும்பி வந்தாலும் படகு திரும்பி வர்றது அபூர்வம்.

நான் ரொம்பப் பயப்படறது உங்க பென்ஷன் பணத்தை நினைச்சு. பென்ஷன்ல 50 சதவீதம் வரைக்கும் கம்யூட் பண்ணலாம் (முன்கூட்டியே மொத்தமா வாங்கிக்கறது), க்ராஜுவிட்டியும் சேர்ந்து கையில மொத்தமா ஒரு தொகை வரும். அந்த வாரமே படகுக்கு இன்ஜின் மாத்தணும், வலை வாங்கணும், பழைய கடனை அடைக்கணும்னு வரும். கம்யூட் பண்ண பாகம் திரும்ப பென்ஷன்ல சேர 15 வருஷம் ஆகும். படகும் போய் பாதிப் பென்ஷனும் போனா குழந்தை படிக்கற வயசுல நீங்க எங்க போய் நிப்பீங்க?

அதனால அடுத்த லீவுல அப்பாவோட உக்காந்து கணக்கு கேளுங்க. படகு மேல கடன் எவ்வளவு, யார்கிட்ட, வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்காரா, தடைக்காலத்துல மரம் மாத்தி பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகுது. ராணுவத்துல இருக்கற மகன் கேட்டா கோவப்படுவார், இருந்தாலும் கேளுங்க. நம்பிக்கையான டிரைவர்கிட்ட விட்டு பங்கு வாங்கலாமா, இல்ல நல்ல விலை வர்றப்பவே வித்துட்டு அப்பா ஒரு சின்ன வத்தையோட (நாட்டுப்படகு) கரைப்பக்கமா இருக்கலாமான்னு அண்ணனையும் போன்ல வச்சுப் பேசுங்க. அவர் கடலை வெறுத்தவர்தான், அப்பாவை வெறுத்தவர் இல்லையே.

மனைவியைப் பத்தி நாலு பக்கத்துல ஒரே வரி, "அவளும் வரச் சொல்றா"ன்னு. எதுக்கு வரச் சொல்றாங்க? தனியா இருக்க முடியலன்னா, அடுத்த பீஸ் ஸ்டேஷன்ல (குடும்பத்தோட இருக்கக்கூடிய இடம்) ஃபேமிலி க்வார்ட்டர்ஸ் கிடைச்சதும் கூட்டிட்டுப் போறது அதுக்குப் பதில் ஆகலாம். நீங்க நிம்மதியில்லாம இருக்கறது போன்லயே தெரியுதுன்னு வரச் சொல்றாங்கன்னா, அதுக்குப் பதில் வேற. அவங்ககிட்டயே கேளுங்க, பென்ஷன் கணக்கையும் அவங்க முன்னாடி போட்டுக் காட்டுங்க.

என் அபிப்பிராயம் கேட்டீங்க, சொல்றேன். 17 வருஷம் முடியற வரைக்கும் பென்ஷன் பேச்சை எடுக்காதீங்க. இந்த வருஷம் மேப் ரீடிங்கும் கேடரும், அடுத்த வருஷம் எஸ்.சி.ஓ. முதல் முயற்சி, 35 வரைக்கும் கிடைக்கற வாய்ப்பையெல்லாம் போட்டுப் பாருங்க, டிகிரி பக்கத்துல ஓடிட்டே இருக்கட்டும். 36 வயசுல உங்க கையில ஒண்ணு கமிஷன் இருக்கும், இல்லன்னா ஹவில்தார் ஸ்ட்ரைப்போ ரெண்டாவது எம்.ஏ.சி.பி.யோ, கூட ஒரு டிகிரியும் இருக்கும். அப்பவும் வீட்டுக்கு வரணும்னு தோணுச்சுன்னா வாங்க, யாரும் தப்பு சொல்ல முடியாது.

லீவுல வரும்போது ராமநாதபுரத்துல மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, இப்ப எந்தெந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு அங்க கேட்டா சொல்லுவாங்க. ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்து ரூல் 13 பத்தி பதில் வந்ததும் அதோட காப்பியை எனக்கு அனுப்புங்க, யூனிட் பேரை மறைச்சுட்டு.